கண்காணாக் கடையும் கைக்கு உரிய விலையும்

கொழும்பிலிருந்து கண்டிக்குச் செல்லும் நெடுஞ்சாலையிலே பயணஞ் செய்தவர்கள் வேவல்தெனிய என்னும் சிற்றூரை மறந்திருக்க மாட்டார்கள். சாலையோரத்திலே வரிசையாகக் கடைகள். கடைகளின் முகப்பிலே கூரை தொடங்கித் தரை வரையில் பிரம்புப் பொருட்கள். தொட்டில், நாற்காலி, பழக்கூடை, விளக்குக் கூடு எனக் காற்றில் ஆடிக்கொண்டு அவை வழிப்போக்கரை அழைக்கும். சிங்கள மொழியிலே 'வேவல்' என்றால் பிரம்பு. ஊரின் பெயரிலேயே தொழிலின் பெயரும் அமைந்துவிட்டது. அங்கிருந்து மேலும் சிறிது தூரம் சென்றால் எங்கள் வரக்காப்பொல. கேகாலை மாவட்டத்தின் நுழைவாயில் என்று சொல்லத்தக்க ஊர். தலகுலி என்னும் எள்ளுப் பண்டத்தை வாங்குவதற்காக வாகனத்தை நிறுத்தாது இவ்வூரைக் கடந்தவர் மிகச் சிலரே.

இவ்வூர்களின் வாணிகம் முழுவதும் வழியை நம்பி வளர்ந்தது. கொழும்பிலிருந்து புறப்பட்ட முதற் புகையிரதப் பாதை 1865 ஆம் ஆண்டில் அண்மையிலுள்ள அம்பேபுஸ்ஸ வரைதான் வந்து நின்றது. அன்று முதல் இன்று வரை, எவ்வழியே மனிதர் வருகின்றாரோ அவ்வழியே நமது கூடையும் பாயும் பண்டமும் விலைபோயின. வழி நிறைந்திருந்தால் வயிறு நிறையும். வழி வெறுமையானால்?

அந்தக் கேள்விக்கு விடை எங்களுக்கு 2020 ஆம் ஆண்டிலே கிடைத்தது. பெருந்தொற்றுக் காலத்து ஊரடங்கிலே சாலை உறங்கிற்று. பின்னர் 2022 ஆம் ஆண்டிலே எரிபொருள் இல்லாது வாகனங்கள் வரிசையில் நின்றனவேயன்றி, சாலையில் ஓடவில்லை. அவ்வாண்டு சனவரியிலேதான் மீரிகமவிலிருந்து குருநாகல் வரையிலான அதிவேகப் பாதையும் திறக்கப்பட்டது. அதிவேகப் பாதையிலே செல்பவன் இடையில் இறங்கிக் கூடை வாங்குவதில்லை. சாலையோரத்திலே காத்திருக்கும் கைவினைஞன், யாரோ வகுக்கும் பாதைக்குத் தன் பிழைப்பை ஒப்புக்கொடுத்தவனாகின்றான் என்பதை அந்த ஆண்டுகள் எங்களுக்கு உணர்த்தின.

அந்த நெருக்கடியிலேதான் நானும் ஒரு கடை திறந்தேன். அதற்கு முகப்பு இல்லை, பெயர்ப்பலகை இல்லை. வீட்டின் முன்னறையிலே ஒரு மேசை, ஒரு கையடக்கத் தொலைபேசி, தராசு ஒன்று, அளவுநாடா ஒன்று. இவ்வளவே முதலீடு. பொருளை நிழற்படம் எடுத்து, நான்கு வரி எழுதி, விலை குறித்து இணையத்திலே இடுவேன். வாங்க விரும்புபவர் யாழ்ப்பாணத்தில் இருந்தாலும் பதுளையில் இருந்தாலும் செய்தி அனுப்புவார். பணம் வங்கிக்கு வரும். பொருள் அஞ்சலில் போகும். வாணிபப் பெயரைப் பிரதேச செயலகத்திலே பதிவு செய்துகொண்டேன். மின்வழியில் நிகழும் கொடுக்கல் வாங்கல்களும் ஒப்பந்தங்களாக ஏற்கத்தக்கவை என்பதற்கு 2006 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க மின்னணுக் கொடுக்கல் வாங்கல்கள் சட்டம் நம் நாட்டிலே உண்டு. ஆகவே கண்ணுக்குத் தெரியாத கடை என்பதனால் அது கணக்குக்கு உட்படாத கடை என்று எவரும் எண்ணிவிடலாகாது.

இத்தகைய கடைகளிலே மூவகைப் பொருட்கள் விலைபோகின்றன. கையாற் செய்தவை ஒருவகை. பழமையானவை மற்றொரு வகை. கழித்தவற்றிலிருந்து மீண்டும் ஆக்கப்பட்டவை மூன்றாம் வகை. 2005 ஆம் ஆண்டில் அமெரிக்காவிலே நியூயோர்க் நகரின் புரூக்ளின் பகுதியில் தொடங்கப்பட்ட எட்ஸி என்னும் இணையச் சந்தை இப்பொருட்களுக்கென்றே பெயர்பெற்றது. இருபது ஆண்டுக்குக் குறையாத பொருளைத்தான் பழம்பொருள் என்று அங்கே விற்கலாம் என்பது அச்சந்தையின் விதி.

இம்மூன்றும் நம் தோட்டப்புறங்களுக்குப் புதியவையல்ல. இறப்பர்த் தோட்டத்திலே பால்வெட்டும் தொழிலாளி மரத்தின் அடியிலே வைத்த தேங்காய்ச் சிரட்டை, கழித்த பொருளின் மறுபிறவியன்றி வேறென்ன? கிழிந்த சேலைகளை அடுக்கித் தைத்துக் குழந்தைக்கு விரிப்பாக்கிய பாட்டிமார் எத்தனை பேர்! தேயிலை ஏற்றிச் சென்ற பலகைப் பெட்டி லயத்துக் காம்பராவிலே அலுமாரியாக நின்றதை நம்மிற் பலர் கண்டிருக்கின்றோம். வறுமை கற்பித்த அந்தச் சிக்கனத்தை உலகம் இன்று வேறு பெயரிட்டு விலை கொடுத்து வாங்குகின்றது.

இதற்கு எங்கள் மாவட்டத்திலேயே சிறந்ததோர் எடுத்துக்காட்டு உண்டு. பின்னவலையிலே யானைகளின் காப்பகம் 1975 ஆம் ஆண்டில் நிறுவப்பட்டது. யானை உண்ட நாரின் பெரும்பகுதி அதன் சாணத்திலேயே தங்கிவிடுகின்றது. அதனைக் கழுவி, அவித்து, பழந்தாளுடன் கூழாக்கி, வலைச் சட்டத்தில் பரப்பி உலர்த்தினால் தாள் கிடைக்கும். 1997 ஆம் ஆண்டில் தொடங்கிய மாக்ஸிமஸ் என்னும் கேகாலை நிறுவனம் இத்தொழிலை வளர்த்து, 2006 ஆம் ஆண்டில் பிபிசி நடத்திய உலகச் சவால் என்னும் போட்டியிலே முதலிடம் பெற்றது. எவரும் தொடக் கூசும் பொருள் எவரும் விரும்பும் நினைவுப்பொருளாயிற்று.

இவ்வளவும் கேட்ட நேயர்கள், 'பொருள் உண்டு, சந்தை உண்டு. இனி என்ன குறை?' என்று வினவலாம். குறை பொருளிலும் இல்லை, சந்தையிலும் இல்லை. விற்கும் நம்மிடத்திலேதான் இருக்கின்றது. நான் பிழைசெய்து கற்ற மூன்று பாடங்களை இங்கே கூற விரும்புகின்றேன்.

முதற்பாடம் சொல்லைப் பற்றியது. சாலையோரக் கடையிலே வாங்குபவர் கூடையைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்ப்பார். அடியை விரலால் அழுத்துவார். காதைப் பிடித்து இழுப்பார். இணையக் கடையிலே அவருக்குக் கை இல்லை, கண்ணும் பாதிதான். நாம் எழுதும் சொற்களே அவருடைய கைகளாகின்றன. தொடக்கத்திலே நான் இதனை உணரவில்லை. அடிப்பின்னலிலே ஒரு பிரம்பு பிளந்திருந்த கூடையை, பிளவு தெரியாத பக்கமாக நிறுத்திப் படமெடுத்து விற்றேன். பொய்யொன்றும் எழுதவில்லை, உண்மையையும் எழுதவில்லை. பத்து நாட்களிலே கொழும்பிலிருந்து அக்கூடை திரும்பி வந்தது. அதனுள்ளே சிறு தாளொன்று. 'பிளவு இருக்கின்றது என்று சொல்லியிருந்தால் நான் இதனை வாங்கியிருப்பேன்' என்று அதிலே எழுதியிருந்தது. அந்த ஒரு வரி என்னைச் சுட்டதுபோல் எந்த வசையும் சுட்டிருக்காது.

அன்று முதல் குறையைத்தான் முதலில் படமெடுக்கின்றேன். நீளம், அகலம், உயரம், நிறை ஆகியவற்றை அளந்து எழுதுகின்றேன். எப்பகுதி கையாற் செய்தது, எப்பகுதி கடையில் வாங்கியது என்பதையும் மறைப்பதில்லை. பூட்டு சீனத்தில் வார்த்ததாயின் அதனையும் சொல்லிவிடுகின்றேன். இதனால் விற்பனை குறையும் என்று அஞ்சினேன். திரும்பி வரும் பொதிகள்தாம் குறைந்தன. காவிரிப்பூம்பட்டினத்து வணிகர் கொள்வதிலும் மிகை கொள்ளாது, கொடுப்பதிலும் குறைக்காது, தம் ஊதியத்தை வெளிப்படக் கூறி விற்றனர் என்று பட்டினப்பாலை புகழ்கின்றது. வாங்குபவரின் முகம் காணாத இக்காலத்து வாணிகத்துக்கு அப்பண்டை வணிகரின் நெறி முன்னையினும் அதிகமாகத் தேவைப்படுகின்றது.

இரண்டாம் பாடம் விலையைப் பற்றியது. எங்கள் சின்னம்மா ஒருவர், அயலிலுள்ள சிங்கள முதியவரிடம் பிரம்பு முடையக் கற்றவர். பிரம்பை ஊறவைத்துப் பிளந்து, சீவி, மூடியோடு கூடிய கூடையை அவர் முடைவதைப் பார்த்துக்கொண்டிருந்தால் நேரம் போவது தெரியாது. அவருடைய கூடையை நான் 900 ரூபாய்க்கு விற்றுவந்தேன். 'விலை போதுமா?' என்று ஒருநாள் கேட்டேன். 'சும்மா இருக்கிற நேரத்துல பின்னுறதுதானப்பா, அதுக்கு என்னத்த கேக்கிறது?' என்றார்.

அன்றிரவு கணக்குப் பார்த்தேன். கூடைக்குப் பிரம்பும் துணியும் 600 ரூபாய். பொதியிடும் செலவு 150. கடைக்கு நான் எடுத்துக்கொண்டது 50. எஞ்சிய 100 ரூபாய்தான் சின்னம்மாவின் கைக்குப் போயிற்று. ஒரு கூடைக்கு அவர் செலவிட்டது பன்னிரண்டு மணி நேரம். பன்னிரண்டு மணி நேரத்துக்கு நூறு ரூபாய்! தோட்டத் தொழிலாளரின் சம்பளத்துக்காக எத்தனை ஆண்டுகள் போராடினோம், எத்தனை மேடைகளிலே முழங்கினோம்! அவர்களின் நாட்சம்பளம் 1,000 ரூபாயாவதற்கு 2021 ஆம் ஆண்டு வரையிலும், 1,350 ரூபாயாவதற்கு 2024 செப்டெம்பர் வரையிலும் காத்திருந்தோம். ஆனால் நம் வீட்டுப் பெண்ணின் கைக்கு நாமே கூலி குறிக்கும்போது, எந்தத் துரையும் கொடுக்கத் துணியாத கூலியைக் குறித்துவிட்டோம்.

ஆகவே அந்த 1,350 ரூபாயையே அளவாகக் கொண்டேன். எட்டு மணி நேரத்துக்கு 1,350 என்றால் பன்னிரண்டு மணி நேரத்துக்கு 2,025. பொருளுக்கு 600, பொதிக்கு 150, கடைக்கு 225. கூடையின் விலை 3,000 ரூபாய். சின்னம்மா திடுக்கிட்டார். 'இந்த வெலைக்கு எவன் வாங்குவான்?' என்றார். அவர் அஞ்சியதும் பொய்யாகவில்லை. மாதம் பத்துக் கூடை விற்ற இடத்திலே அம்மாதம் மூன்றுதான் விற்றன. ஆனால் நேயர்களே, கணக்கைக் கவனியுங்கள். முன்பு பத்துக் கூடைக்கு 120 மணி நேரம் உழைத்து அவர் பெற்றது 1,000 ரூபாய். இப்பொழுது மூன்று கூடைக்கு 36 மணி நேரம் உழைத்துப் பெற்றது 6,075 ரூபாய். மீதி நேரத்திலே அவர் உறங்கினார். பேத்திக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தார். 'சும்மா இருக்கிற நேரம்' என்று ஒரு நேரம் உழைப்பவருக்கு இல்லை. அது அவர் ஓய்வெடுக்க வேண்டிய நேரம். அதனை விற்பதாயின் விலையில்லாமல் விற்கலாகாது.

இங்கே மற்றொன்றும் சொல்ல வேண்டும். இணையச் சந்தையும் சுங்கம் கேட்கும் சாலைதான். எட்ஸி சந்தையிலே விற்ற தொகையில் நூற்றுக்கு 5 ஆக இருந்த கட்டணம் 2022 ஏப்ரலிலே 6.5 ஆக உயர்த்தப்பட்டது. அதனை எதிர்த்து விற்பனையாளர் பலர் ஒரு வாரம் தம் கடைகளை அடைத்து வைத்தனர். அமெரிக்காவுக்குச் செல்லும் 800 டொலருக்கு மேற்படாத பொதிகளுக்கு நெடுங்காலம் இருந்த தீர்வை விலக்கும் 2025 ஆகஸ்ட் 29 ஆம் நாளுடன் முடிவுற்றது. நாம் வகுக்காத பாதை மண்ணிலே அமைந்தாலும் இணையத்திலே அமைந்தாலும், அதன் போக்கு நம் கையில் இல்லை. ஆகையால் ஒரே சந்தையை நம்பியிராது, வாங்கியவர்களின் பெயரையும் விருப்பத்தையும் அவர்தம் இசைவோடு ஒரு கொப்பியிலே எழுதிவைத்துக்கொள்வது நன்று. சந்தை மூடினாலும் அந்தக் கொப்பி திறந்திருக்கும்.

மூன்றாம் பாடம் பழம்பொருளைப் பற்றியது. இதனைச் சொல்வதற்கு எனக்குச் சற்று வெட்கமாகவே இருக்கின்றது.

2022 ஆம் ஆண்டிலே, அரிசியும் எரிவாயுவும் எட்டாத விலைக்கு ஏறியிருந்த வேளையில், தோட்டத்து மூதாட்டி ஒருவர் பழந்துணியில் சுற்றிய பித்தளைச் செம்பொன்றை என்னிடம் கொண்டுவந்தார். 2,000 ரூபாய் கேட்டார். பேரம் பேசாமல் கொடுத்தேன். கொடுத்துவிட்டு என்னை நானே மெச்சியும் கொண்டேன். செம்பைத் துலக்கிப் படமெடுத்து, 'பழைய பித்தளைச் செம்பு, நல்ல நிலை' என்று எழுதினேன். மறுவாரமே ஒருவர் 9,000 ரூபாய்க்குக் கேட்டார். கேட்டது நூறோ இருநூறோ கூடுதலாக இருந்திருப்பின் நான் யோசித்திருக்க மாட்டேன். இடையிலே நின்ற 7,000 ரூபாய் என்னை உறங்கவிடவில்லை. வாணிகச் சட்டப்படி அது என்னுடையது. பசியின் காரணமாக விற்றவருடைய பொருளிலே விளைந்த ஊதியம், அறத்தின்படி யாருடையது?

லயத்துக்குப் போய் அவரிடம் விஷயத்தைச் சொன்னேன். சிறிது நேரம் பேசாமல் இருந்தவர், 'வித்தது வித்ததுதான் தம்பி' என்றார். பிறகு கேட்டார்: 'எங்க அப்பாயி மண்டபம் கேம்புல தண்ணி குடிச்ச செம்புன்னு எழுதினியா?'

நான் எழுதவில்லை. கேட்கவுமில்லை.

தென்னிந்தியாவிலிருந்து தோட்ட வேலைக்கு வந்தவர்களை மண்டபம் முகாமிலே தடுத்து வைத்து, மருத்துவச் சோதனை செய்து, பின்னரே இலங்கைக்கு அனுப்பிய வரலாற்றை நேயர்கள் அறிவீர்கள். அந்த வழியே கடல் கடந்து வந்த செம்பு அது. நான் அதன் நிறையை அறிந்திருந்தேன். அதன் வழியை அறியவில்லை. வாங்குபவருக்கு அன்றே அதனை எழுதி அறிவித்தேன். அச்செய்தியைத் தாளில் எழுதிச் செம்போடு அனுப்பும்படி அவர் கேட்டுக்கொண்டார். ஊதியத்திலே என் செலவு போக மிகுந்ததை மூதாட்டியிடம் சேர்த்தேன். அவர் மறுத்து, பின்னர் பேரனின் பாடப்புத்தகங்களுக்கென்று வாங்கிக்கொண்டார்.

அன்றிலிருந்து தோட்டத்து வீடுகளிலுள்ள பழம்பொருளை நான் விலைக்கு வாங்குவதில்லை. விற்றுக் கொடுக்கின்றேன். விற்கும் வரை பொருள் உடையவருக்கே சொந்தம். உடனடித் தேவை இருப்பின் முற்பணம் கொடுப்பேன். மனம் மாறினால் அதனைத் திருப்பிக் கொடுத்துப் பொருளை எடுத்துக்கொள்ளலாம். விற்ற பின் நூற்றுக்கு இருபது கடைக்கு, எண்பது உடையவருக்கு. பொருளின் கதையை அவருடைய வாய்மொழியாகவே எழுதுகின்றேன். அவர் வேண்டாம் என்றால் எழுதுவதில்லை.

பழம்பொருள் விற்பவர்கள் சட்டத்தையும் அறிந்திருத்தல் வேண்டும். 1940 ஆம் ஆண்டின் தொல்பொருட் கட்டளைச் சட்டம், கண்டி உடன்படிக்கை கைச்சாத்தான 1815 மார்ச் 2 ஆம் நாளுக்கு முற்பட்டவற்றைத் தொல்பொருள் என வகுத்தது. அத்தகையவற்றை நாட்டைவிட்டு அனுப்புவதற்குத் தொல்பொருளியல் திணைக்களத்தின் உரிமம் வேண்டும். ஐயமுள்ள பொருளை விற்பதைவிட விசாரிப்பது மேல். அவ்வாறே காட்டுப் பிரம்பை வெட்டவும் கொண்டுசெல்லவும் அனுமதி தேவை. கைவினையின் பெயரால் காட்டை அழித்தால், நாளை முடைவதற்குக் கையிருக்கும், பிரம்பிராது.

நேயர்களே, இணையக் கடை மாயமும் அல்ல, மந்திரமும் அல்ல. அது ஒரே நாளிலே எவரையும் செல்வராக்காது. ஆனால் மலையடிவாரத்து லயத்திலே இருக்கும் பெண்ணொருத்தி, சாலைக்கு வராமலே, இடைத்தரகர் ஒருவரின் தயவை நாடாமலே, தன் கைத்திறனை நாடறியச் செய்வதற்கு இது ஒரு வாயில். அவ்வாயிலைத் திறக்க ஒரு தொலைபேசி போதும். அதனைத் திறந்து வைத்திருப்பதற்கோ, குறையை மறையாத சொல்லும், உழைப்பை மறவாத விலையும், உடையவரை மறவாத மனமும் வேண்டும்.

உங்கள் வீட்டிலே கைவேலை அறிந்தவர் இருப்பாராயின், இன்று அவர் அருகில் சென்று அமருங்கள். ஒரு பொருளைச் செய்ய எத்தனை மணி நேரமாகின்றது என்று கேளுங்கள். அவருக்கே அது தெரிந்திராது. இதுவரை எவரும் அவரைக் கேட்டிருக்க மாட்டார்கள். கடிகாரத்தைப் பார்த்து எழுதிக்கொள்ளுங்கள். உங்கள் கடையின் முதற் கணக்கு அதுவாகவே இருக்கட்டும்.

சின்னம்மா இப்பொழுது கூடை முடையத் தொடங்குமுன் சுவரிலுள்ள கடிகாரத்தைப் பார்க்கின்றார். சென்ற வாரம் ஒருவர் விலையைக் குறைக்கச் சொல்லிக் கேட்டபோது, நான் விடை சொல்லுமுன் அவரே சொன்னார்: 'பன்னெண்டு மணி நேரம் ஐயா.'